இரண்டாம் நாள் டிரெசர்

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், சிரம்பான் நகரத்து ராசாப் பகுதியில் கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஈரச் சிமெண்டில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தேன். கால்வாய் விளிம்பில் மூக்கு போய் இடித்தது. எழுந்து உட்காருவதற்குள் வேட்டி முழுக்க ரத்தம். வயது எழுபத்திரண்டு, ரத்தம் இளக்குகிற மாத்திரை வேறு சாப்பிடுகிறவன். கேட்க வேண்டுமா?

ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

“அண்ணாந்துக்குங்க அங்கிள்! தலையத் தூக்குங்க, அப்பத்தான் நிக்கும்!”

“யாராச்சும் வெத்தலை கொண்டாங்கலா! சுருட்டி மூக்குல வச்சிரலாம்!”

ரப்பர்த் தோட்டங்கள் போய்விட்டன. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். பால் எடுக்க மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள். ஆனால் மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வதும் வெற்றிலை தேடுவதும் மட்டும் அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கிறது. “கைய எடுங்க எல்லாரும்” என்று அதட்டிவிட்டு, தலையை முன்னால் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நின்றது.

பிறகு தெமியாங்கில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே மருத்துவ உதவியாளராக இருக்கும் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். விளக்கடித்து இரண்டு துவாரத்தையும் பார்த்தாள். நடுச்சுவரைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டும் பார்த்தாள்.

“இப்ப ஓகேதான் அங்கிள். ஆனா நாளைக்கு வந்து மறுபடி காட்டணும். உள்ள ரத்தம் கட்டினா சில பேருக்கு ரெண்டாம் நாள்தான் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தவன் என்றும், என்னை ‘ரெண்டாம் நாள் டிரெசர்’ என்றுதான் ஊரே கூப்பிடும் என்றும் சொன்னேன். விழுந்து அடிபட்டு வந்தவர்களை மறுநாளும் வரச்சொல்லி, வராவிட்டால் லயத்துக்கே போய்ப் பார்க்கிறவன் என்பதால் வந்த பெயர் அது.

“வாவ் அங்கிள்! எங்களுக்கு இது புத்தகத்துல இருக்கு. அந்தக் காலத்துல தோட்டத்துல யாரு சொல்லிக் குடுத்தா? நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?”

நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு “ஆமா” என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அந்த ஆமா வரவில்லை. கிளினிக்கில் ஒரு மலர் போடப்போகிறார்களாம், அதற்குப் பழைய அனுபவத்தை எழுதித் தரச்சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். அவள் எதிர்பார்ப்பது மருத்துவக் கட்டுரை. இதில் பாதிக்கு மேல் என் வயிற்றெரிச்சல்தான் இருக்கும்.

கெமாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே சின்ன டிரெசராகச் சேர்ந்தேன். காயம் கழுவினேன், மருந்து கலந்தேன், ஊசி கொதிக்க வைத்தேன். இரண்டு மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது கதிரவேலு ஐயாவைப் பற்றி.

கதிரவேலு ஐயாதான் பெரிய டிரெசர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. நாலு தோட்டத்துக்கு அவர் ஒருவரே. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவார். திட்டவே மாட்டார். தப்பாகக் கட்டிய கட்டைப் பார்த்தால், ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்து, சுருட்டி, நம் கையில் கொடுப்பார். திரும்பக் கட்ட வேண்டும். சரியாக வந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். மிக அபூர்வமாக “நல்லது” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் தவம் கிடந்தோம்.

மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டு யாராவது வந்தால் ஐயா முதலில் செய்வது, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பது. அடிபட்டவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்ப்பார். மடியில் பேசின். எலும்புக்குக் கீழே, மெத்தென்ற இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடிப்பார். வாயால் மூச்சு விட வேண்டும். தொண்டைக்கு வருகிற ரத்தத்தை விழுங்காமல் துப்ப வேண்டும், விழுங்கினால் வாந்தி வரும். பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தே பிடிக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டதா என்று விரலை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து பத்து நிமிஷம். நின்ற பிறகு தண்ணீர் மாதிரித் தெளிவாக ஏதாவது வடிகிறதா, பல் சரியாகக் கடிபடுகிறதா, கண் பார்வை சரியா, ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியில் டார்ச் அடித்து நடுச்சுவரின் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார்.

“தம்பி, ரத்தம் நிண்டுட்டுது எண்டால் பாதி வேலை முடிஞ்சுது. மிச்சப் பாதி மூக்குக்குள்ள கிடக்கு. அதைப் பாக்காமல் ஆளை அனுப்பாதையும்” என்பார்.

இதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! பக்கத்தில் பிலோமினாவும் நின்றுகொண்டிருப்பாள்.

பிலோமினா ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கு வந்தவள். தரை கழுவுவது, பேசின் கழுவுவது, துணி துவைப்பதுதான் அவள் வேலை. ஆனால் ஐந்தாம் படிவத்தில் என்னைவிட நல்ல மார்க். வேலை கேட்டு வந்த அன்றைக்கு ஆயா வேலைதான் காலியாக இருந்தது, அவ்வளவுதான். என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான் அவளை ‘நீ’ என்பேன். ஐயா ‘நீங்கள்’ என்பார். அதிலேயே எனக்கு எரியும்.

ஜனங்கள் அவளை நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் நர்ஸே இல்லை! காயத்தோடு வருகிற பெண்கள் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நான் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும்போதே, “நர்ஸம்மா இல்லீங்களா?” என்பார்கள். “நான் இருக்கேனே” என்றால், “பரவால்லீங்க டிரெசரய்யா, அவங்க வரட்டும்” என்று படியில் உட்கார்ந்துவிடுவார்கள். பரவாயில்லையாம்!

ஐயா அவளுக்கு “நல்லது” என்று சொன்னதை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்று தடவை. ஒரு தடவை, குழந்தையின் காதில் இருந்த புளியங்கொட்டையைச் சத்தமில்லாமல் எடுத்ததற்கு. இன்னொரு தடவை, ஒருவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே நிமோனியா என்று சந்தேகப்பட்டதற்கு. மூன்றாவது எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கதவுக்கு வெளியே இருந்தேன். சொல் மட்டும் காதில் விழுந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அதுவரை ஒரு தடவைகூட இல்லை.

அந்த வருஷம்தான் பயிற்சி இடம் ஒன்று வந்தது. நாலு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே இடம். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதினால், பதிவு பெற்ற டிரெசர். தனி வீடு, தனி ஆஸ்பத்திரி. யார் பெயரை எழுதுவது என்பது ஐயாவின் கையில். “ரெண்டு பேரும் வேலையைச் செய்யுங்கோ. மாசக் கடைசியில சொல்லுறன்” என்றார். ரெண்டு பேரும்! அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து பிலோமினா எதைத் தொட்டாலும் எனக்குக் குற்றமாகவே பட்டது. அவள் தரையைத் துடைத்தால்கூட, ஐயா பார்க்கத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த மாதத்தில்தான் லெட்சுமி விழுந்தாள்.

லெட்சுமிக்கு அப்போது பத்தொன்பது வயது. மரம் வெட்டுபவள். பரிசம் போட்டாயிற்று, இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கியபோது வழுக்கி, வாளி விளிம்பில் மூக்கு மோதிவிட்டது. பால் நிறுக்கும் கொட்டகைப் பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் ரத்தமும் ரப்பர்ப் பாலும் சேர்ந்து காய்ந்திருந்தது. தலை அண்ணாந்தபடி, வலது துவாரத்தில் வெற்றிலைச் சுருள். இடதில் வைக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே மூக்குத்தி இருந்தது. அன்று ஐயா வேறு தோட்டத்தில். நான்தான் எல்லாம்.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஐயாவைப் போலவே. தலையை முன்னால் சாய்த்து, வெற்றிலையை எடுத்துப் போட்டுவிட்டு, மூக்கைப் பிடிக்கப் போனேன். லெட்சுமியின் அம்மா அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, மூக்குத்தியக் கழட்டிராதீங்க. மாப்பிள்ளை வீட்டுல பரிசத்தன்னிக்குப் போட்டது. கல்யாணத்துக்கு முன்ன இறங்கினா ஆகாதுய்யா. அவங்க காதுல விழுந்தா இந்தக் கல்யாணமே நின்னுரும்.”

“கழட்டல. நீங்க பயப்படாதீங்க” என்றேன். மூக்குத்திக்கு மேலே, கீழே என்று விரலை வசமாக வைத்துப் பிடித்தேன். பத்து நிமிஷம். நிற்கவில்லை. இன்னொரு பத்து. நின்றது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் “மூக்குத்தியத் தொடாமலே நிறுத்திப்புட்டாரே டிரெசரய்யா!” என்றார்கள். அன்று ஒருத்திகூட “நர்ஸம்மா எங்கே” என்று கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

டார்ச் அடித்து வலது துவாரத்தைப் பார்த்தேன். ரத்தக் கட்டியும் வீக்கமுமாக ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இடதில் மூக்குத்தியின் திருகாணி மறைத்தது. பார்த்த மாதிரித் தலையாட்டினேன். பேசின் எடுக்க வந்த பிலோமினா லெட்சுமியிடம் குனிந்து ஏதோ கேட்டாள். பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

“சார், ரெண்டு பக்கமும் மூச்சு போகலங்குது. வலி கூடுதாம். மூக்குத்தியக் கழட்டி நடுச்சுவரைப் பார்த்திரலாமே. இல்லாட்டி நாளைக்காச்சும் வரச் சொல்லுங்க.”

அவள் சொன்னது ஐயா சொல்லிக்கொடுத்தது. வரிக்கு வரி அதேதான். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் வாழ்க்கையில் ஜனங்கள் என்னை மெச்சிய முதல் கால் மணி நேரத்தில் அவள் வந்து குறுக்கே நின்றுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அடிபட்ட மூக்கு அடைக்காம பின்ன என்ன செய்யும்? இங்க டிரெசர் நீயா, நானா? பேசினைக் கழுவிட்டு வா, போ” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அஞ்சலையிடம், “மூணு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. மூக்கைச் சிந்தக் கூடாது, சுடச்சுடக் குடிக்கக் கூடாது, தலையணை ரெண்டு வச்சுப் படுக்கட்டும்” என்றேன். எல்லாம் சரியான அறிவுரைதான். மூன்று நாள் என்பது மட்டும்தான் தப்பு. அந்த மூன்று நாள், அவள் ‘நாளை’ என்று சொன்னதற்காகவே என் வாயில் வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் மருந்து அலமாரியைத் திறந்துகொண்டிருந்தேன். பிலோமினா வெளியிலிருந்து வேகமாக வந்தாள். கையில் ஆஸ்பத்திரி டார்ச். ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினாள். உள்ளே மூக்குத்தி.

“லயத்துக்குப் போயிருந்தேன் சார். தேங்காய் எண்ணெய் விட்டுக் கழட்டிட்டேன். அஞ்சலையக்கா முதல்ல அழுதாங்க. மூக்கு இருந்தாத்தானே மூக்குத்தின்னு சொன்னேன், விட்டுட்டாங்க. சார், நடுச்சுவர் ரெண்டு பக்கமும் கருஞ்சிவப்பா உப்பியிருக்கு. குச்சியால தொட்டா மெத்துன்னு அமுங்குது. பொண்ணுக்குக் காய்ச்சலும் தொடங்கிருச்சு.”

“யாரைக் கேட்டு டார்ச்சை எடுத்துட்டுப் போன?” என்றேன். வெட்கக்கேடு, நான் முதலில் கேட்டது அதைத்தான்.

அவள் டார்ச்சை என் கையில் கொடுத்தாள். நான் லயத்துக்கு ஓடினேன். லெட்சுமி வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். டார்ச் அடித்தேன். பிலோமினா சொன்னது சொன்னபடி இருந்தது. பழுத்த நாவற்பழம் இரண்டை நடுச்சுவரின் இரு பக்கமும் ஒட்டி வைத்த மாதிரி.

கிளினிக் பெண்ணுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்கின் நடுச்சுவர் குருத்தெலும்பு. அதன் மேல்தோலுக்கு அடியில் ரத்தம் கட்டினால் குருத்தெலும்புக்கு ஊட்டம் போகாது. ஒன்றிரண்டு நாளில் கீறி ரத்தத்தை வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு செத்துவிடும், சீழும் பிடிக்கும். அப்புறம் மூக்கு நடுவில் பள்ளமாக இறங்கிவிடும், குதிரைச் சேணம் மாதிரி. மூன்று நாள் கழித்து வரச் சொன்னேனே, அந்த மூன்று நாளில் லெட்சுமியின் மூக்கு உட்கார்ந்திருக்கும். கூடவே அவள் கல்யாணமும்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஓடி, தோட்டத்து வேனைக் கேட்டு வாங்கினேன். சிரம்பானுக்கு இரண்டு மணி நேரம். வேனில் போகும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை மடியில் வைத்து எழுதினேன். ‘நேற்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. இன்று காலை நான் மூக்குத்தியைக் கழற்றி மறுபரிசோதனை செய்ததில்’ என்று எழுதினேன். நான், நான் என்று இரண்டு இடத்தில். வேன் குலுக்கலில் எழுத்துக் கோணியது. அந்த ‘நான்’ மட்டும் நன்றாக விழுந்தது.

அன்றே கீறி, ரத்தத்தை வெளியேற்றி, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் லெட்சுமி வீடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவே வந்து பார்த்துவிட்டு, “புண்ணு ஆறட்டும், நானே போட்டுவிடுறேன்” என்று மூக்குத்தியை வாங்கிப் போனாளாம். அஞ்சலை பயந்த பயமெல்லாம் வீண். மூன்றாவது வாரம் கல்யாணம் நடந்தது. மூக்கு உட்காரவில்லை.

ஐயா வந்த அன்று கடிதத்தின் நகலை மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

“நல்லது” என்றார்.

நான் அத்தனை நாள் ஏங்கிய சொல். அப்போது பிலோமினா கதவருகில் கொதிக்க வைத்த ஊசித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதுதான் சரி. மாதக் கடைசியில் என் பெயர் போயிற்று. டிரங்குப் பெட்டியோடு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன்.

மற்றதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பரீட்சையில் தேறினேன். ஐந்து தோட்டங்களில் வேலை பார்த்தேன். போன இடமெல்லாம் யார் விழுந்து அடிபட்டு வந்தாலும் மறுநாள் வரச் சொன்னேன், வராவிட்டால் தேடிப் போனேன். பயம்தான் காரணம். ஜனங்களுக்கு அது தெரியாது, பெயர் வைத்தார்கள். பாராட்டுக் கூட்டங்களில் அந்தப் பெயரைச் சொல்லி மாலை போட்டார்கள். ஒவ்வொரு மாலைக்கும் பிலோமினாவின் ஞாபகம் வரும். நன்றியோடு வராது, எரிச்சலோடு வரும். எனக்குப் போட்ட மாலையில்கூடப் பங்குக்கு வந்து நிற்கிறாளே என்று.

அவள் கடைசிவரை ஆயாவாகவே இருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியதும் சிரம்பானுக்கு வந்துவிட்டாள். ராசாவில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும். பதினோரு வருஷமும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன்.

விழுந்த மறுநாள், கிளினிக்கில் மூக்கைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே ஓடவில்லை. மேசையில் லெட்சுமி அனுப்பிய முறுக்கு டின் இருந்தது. அவள் இப்போது கிள்ளானில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். ஐம்பது வருஷமாகத் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு டின் முறுக்கு தவறாது. அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே போறீங்க என்று மனைவி கேட்டதற்கு, “முறுக்கு குடுக்க” என்றேன்.

பிலோமினா கேட்டைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், “ஐயையோ, மூக்குல என்ன சார்?” என்றாள். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

உட்கார்ந்தேன். வழுக்கி விழுந்ததையும் ரத்தம் இளக்குகிற மாத்திரையையும் பற்றிச் சொல்லிவிட்டு, டின்னை நீட்டினேன். “இது லெட்சுமி குடுத்தது. வருஷா வருஷம் எனக்கு வருது. உங்களுக்கு வந்திருக்க வேண்டியது” என்றேன். முதல் தடவையாக ‘உங்களுக்கு’ என்றேன்.

“எனக்கும் வருதே சார்” என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே மேசையில் இரண்டு டின்கள் இருந்தன. “ரெண்டு அனுப்புவா. வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டா.”

இரண்டு! எனக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு! மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் எழுதிய கடிதம், நேற்றே சந்தேகம் என்ற பொய், இரண்டு ‘நான்’. “ஐயா என்னைப் பார்த்து நல்லதுன்னு சொன்னாரே, அது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நான் திருடிட்டேன்” என்றேன்.

பிலோமினா நான் கொடுத்த டின்னை மேசையில் வைத்தாள்.

“ஐயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு சார்” என்றாள். “கடிதம் படிக்கிறதுக்கு முன்னாடியே. அஞ்சலையக்கா அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருந்தாங்க. மூக்குத்தியக் கழட்டினது யாருன்னு கேட்டாரு. டிரெசர் சார்தான் போய்ப் பாருன்னு என்னை அனுப்பினாருன்னு சொன்னேன்.”

“ஏன்?”

“எங்கம்மா படுக்கையில கிடந்தாங்க. ரெண்டு வருஷம் விட்டுட்டு எப்படிப் போறது? எப்படியும் எனக்குப் போக முடியாது. நான் உண்மையச் சொன்னா உங்களையும் அனுப்ப மாட்டாரு, இடம் வேற தோட்டத்துக்குப் போயிரும். யாராச்சும் ஒருத்தர் போகட்டுமேன்னு நெனச்சேன்.”

ஆக, நான் திருடினேன் என்று ஐம்பது வருஷமாகச் சுமந்தது அவள் கொடுத்தது. அஞ்சலை சொன்னதிலிருந்து ஐயாவுக்கும் உண்மை தெரிந்திருக்கிறது, அவளுக்காகத்தான் விட்டுவிட்டிருக்கிறார். தெரிந்துதான் கடிதத்தை இரண்டு தடவை படித்திருக்கிறார். அந்த ‘நல்லது’ கதவருகில் நின்றவளுக்குச் சொன்னது. அவளுக்கு நாலாவது, எனக்கு இன்றுவரை ஒன்றுமில்லை.

“பெரிய மனசு உங்களுக்கு” என்றேன். அதிலும் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

“பெரிய மனசெல்லாம் கிடையாது சார்” என்றாள் அவள் பட்டென்று. “நீங்க டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறினீங்களே, அன்னிக்கு மருந்து ரூம் ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துட்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, புது பெல்ட். எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சுது. அந்த பஸ் பஞ்சராகணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டாம் நாள் டிரெசர்னு உங்களைப் பத்தி யாராச்சும் பேசுற ஒவ்வொரு தடவையும்.”

என்னைப் பார்த்து அவள் ஒரு தடவையாவது பொறாமைப்பட வேண்டும் என்று இளமையில் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்! அது எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கிறது. கேட்டபோது சுகமாக இல்லை. கண் கலங்கியது. மூக்கும் ஒழுகியது, அடிபட்ட மூக்கு, வலித்தது. கைக்குட்டையை எடுத்தேன்.

“மூக்கைச் சிந்தாதீங்க!” என்று அதட்டினாள். எழுந்து வந்து, கைப்பேசி விளக்கைப் போட்டு, என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். முதலில் வலது பக்கம். பிறகு இடது பக்கம். மறுபடி வலது. எழுபது வயதில் அவள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

“இப்ப ஒண்ணுமில்ல” என்றாள். “ஆனா நீங்க ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவரு. நாளைக்கும் வந்து காட்டுங்க.”

“நல்லது” என்றேன்.

மறுநாள் போனேன்.